ஹவுஸில் பேசியது

வாய்மைச் செம்மல் வெங்கடாசலம் ஓட்டுக் கேட்டு வந்தபோது சின்னப்பராஜ் வீட்டில் இரண்டு உருண்டை களி தின்றார். மூன்றாவது உருண்டைக்கும் கை நீட்டினார். போட்டோ எடுத்தாயிற்று என்று உதவியாளர் கலைவாணன் காதில் சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார். வாய்மைச் செம்மல் என்ற பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று எவனுக்கும் தெரியாது. அது காரிலேயே எழுதியிருந்தது. அவருக்கு முன்னாடி பட்டம்தான் ஊருக்குள் வந்து நின்றது.

சின்னப்பராஜுக்கு ஏரியூர் பக்கத்தில் ஒன்றேகால் ஏக்கர் கடலைக்காடு, நடுவில் ஒரு கிணறு. கிணறு ஊற வேண்டுமென்றால் ஏரி நிரம்ப வேண்டும். ஏரி நிரம்ப வேண்டுமென்றால் கால்வாயில் தண்ணீர் வர வேண்டும். கால்வாய்க்குக் குறுக்கே மாரப்பனின் கல் உடைக்கிற கிரஷர் கல்தூளைக் கொட்டி, வெள்ளையாக ஒரு மலையை உண்டாக்கி வைத்திருந்தது. மாரப்பன் வேறு யாருமில்லை, வெங்கடாசலத்தின் சொந்த மச்சான். இது ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். சின்னப்பராஜுக்கும் தெரியும். மச்சானாக இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்குமே என்று அந்த மனுசன் நம்பினார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"பெரியவரே, கவலையை வுடுங்க" என்றார் வெங்கடாசலம், கையைக் கழுவிக்கொண்டே. "நான் ஜெயிச்சுப் போனதும் மொத வேலை, டெல்லியில உங்க பேரு ஒலிக்கும்."

"என் பேரு எதுக்குங்க, கால்வாய் பேரு ஒலிச்சாப் போதும்."

"உங்க பேரைத்தான் சொல்லுவேன். இந்தக் களி மேல சத்தியம்."

சின்னப்பராஜ் அதற்கப்புறம் தன் காட்டு வேலையை விட்டுவிட்டு வெங்கடாசலத்துக்காகத் தெருத்தெருவாக நடந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வருகிறவர்களை ஒவ்வொருத்தராக மடக்கி, "நம்ம பேரை டெல்லிக்குக் கொண்டு போறாருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வெங்கடாசலம் ஜெயித்தார்.

அவர் சபையில் பேசுகிற நாள் வந்தது. சென்றாயன் டீக்கடையில் செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து ஊரே பார்த்தது. சென்றாயன் ஒரு பட்டாசுச் சரத்தை வாங்கி வாசலில் விரித்துப் போட்டிருந்தான்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே" என்று வெங்கடாசலம் ஆரம்பித்தார். "என் மண்ணில் ஏரி வற்றிக் கிடக்கிறது. ஏன் வற்றியது? ஏரியூரை அடுத்த சின்னப்பராஜ்..."

பேர் வந்ததும் சென்றாயன் சரத்தைக் கொளுத்திவிட்டான். வெடிச் சத்தத்தில் மிச்சம் ஒன்றும் கேட்கவில்லை. புகை அடங்கியபோது செல்போனில் எல்லோரும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் செலவில் எல்லோருக்கும் டீ சொன்னார். டீ பாதி குடித்திருப்பார்கள், சென்றாயன் பேச்சை மறுபடி ஓட்டினான்.

"...ஏரியூரை அடுத்த சின்னப்பராஜ் என்ற ஒரு நபர், கால்வாயை ஆக்கிரமித்து, ஊரார் தண்ணீரைத் தன் கிணற்றுக்குத் திருடிக்கொண்டதால் வற்றியது! ஊரே தவிக்க, ஒருவர் தழைக்கிறார், அவைத்தலைவர் அவர்களே!"

 டீ கிளாஸைக் கீழே வைப்பதா குடிப்பதா என்று சிலருக்குக் குழப்பம்.

"இன்னொருக்கா போடட்டுமாண்ணா?" என்றான் சென்றாயன். "சரியாக் கேக்கலையோ என்னமோ."

"வேண்டாம்டா."

ஆனால் அதற்குள் ஆளாளுக்குத் தங்கள் செல்போனில் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு கையிலிருந்தும் வெங்கடாசலம் தனித்தனியாகத் திருடன் என்றார்.

கிராம நிர்வாக அலுவலர் மணிமேகலை சர்வேயரைக் கூட்டிக்கொண்டு கடலைக்காட்டுக்கு வந்தார். காட்டுக்கு நடுவே கயிறு பிடித்து, இது கால்வாய்ப் புறம்போக்கு என்று அளவு கல் நட இடம் பார்த்தார்கள்.

"அம்மணி, எங்க தாத்தா காலத்துப் பட்டா இருக்குது" என்றார் சின்னப்பராஜ்.

"பட்டா எங்க ஆபீஸ் குடுத்ததுங்கய்யா. இது டெல்லிச் சபையில சொன்னது. சபை எங்க ஆபீஸுக்கு எவ்வளவு மேலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அதோ, கால்வாயை மறிச்சுக்கிட்டு வெள்ளையா நிக்குது பாருங்க மாரப்பன் மலை."

மணிமேகலை திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "தெரியுதுங்க. ஆனா அதைப் பத்திச் சபையில யாரும் சொல்லலையே. சொல்லாததை நான் எப்படிங்க பாக்கறது? எனக்கும் வேலைன்னு ஒன்னு இருக்குது. எம்.பி. சொன்னது தப்புன்னு அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க, இந்தக் கல்லை நானே தூக்கிட்டுப் போறேன்."

ஆக, ஒரே ஒரு வார்த்தை. அதை வாங்கிவிட்டால் காடு பிழைக்கும். சின்னப்பராஜ் பஸ் ஏறி அதியமான்கோட்டைக்குப் போனார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் வெங்கடாசலத்தின் அலுவலகம் இருந்தது. உள்ளே சுவரில் அவர் களி தின்கிற போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. களி தெரிந்தது, தின்கிற வாய் தெரிந்தது. களியைப் போட்ட சின்னப்பராஜ் பெண்டாட்டியின் கை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

வெங்கடாசலம் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "ஐயா! சொன்னபடி பேரை ஒலிக்க வச்சேனா இல்லையா?"

"நான் திருடன்னு சொன்னீங்களேங்க."

"மெதுவா, மெதுவா! இங்க அப்படியெல்லாம் நான் சொல்லவே மாட்டேன். கலைவாணா, நான் இங்க அப்படிச் சொன்னேனா?"

"இங்க நீங்க அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லீங்க தலைவரே" என்றான் கலைவாணன்.

"பாத்தீங்களா? ஐயா, நீங்க ஒன்னைப் புரிஞ்சுக்கணும். உண்மையை டீக்கடையில பேசலாம், சந்தையில பேசலாம், கக்கூஸ்ல உக்காந்துக்கிட்டுப் பேசலாம். அதுக்கு எதுக்குப் பாதுகாப்பு? சபையில பேசறதுக்கு எங்களுக்கு மட்டும் தனியா ஒரு பாதுகாப்புக் குடுத்திருக்காங்கன்னா எதுக்குக் குடுத்திருப்பாங்க? பெரியவங்க யோசிக்காமயா செஞ்சிருப்பாங்க? அதை நான் பயன்படுத்தலைன்னா அந்தப் பெரியவங்களுக்குச் செய்யற துரோகம் இல்லையா?"

"அப்ப நான் பண்ணின பாவம் என்னங்க?"

"ஏரி ஏன் வத்துச்சுன்னா ஒரு பேரு சொல்லணும். மாரப்பன் பேரைச் சொன்னா எங்க வூட்டுல எனக்குச் சோறு கெடைக்காது. எனக்கு வேற எவன் பேரு அவ்வளவு நல்லா ஞாபகம் இருக்குது சொல்லுங்க? உங்க பேருதான் நெஞ்சிலயே நின்னுச்சு. பாசம்!" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. கால்வாயில் வராத தண்ணீர்.

சின்னப்பராஜ் அங்கிருந்து தர்மபுரி போய் வக்கீல் சந்திரமோகனைப் பிடித்தார்.

"ஒன்னும் பண்ண முடியாதுங்க" என்றார் வக்கீல். "அவரு ஹவுஸ்ல பேசுனது. ஹவுஸ்ல என்ன பேசுனாலும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்க முடியாது. அதே வார்த்தையை வெளியில வந்து சொல்லட்டும், மறுநாளே மானநஷ்ட வழக்குப் போட்டுரலாம்."

"பணத்துக்கு வழக்குப் போட்டு உள்ள தள்ள முடியாதுங்களா?"

"சிவில் வழக்குல அவரைப் புடிக்கணும்னா, ஹவுஸ் நடக்கறப்பப் புடிக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி நாப்பது நாளு, பின்னாடி நாப்பது நாளும் கூடாது."

சின்னப்பராஜ் விரல்விட்டுப் பார்த்தார். "எங்களுக்கு வருசத்துல ஒரு தவக்காலம்தானுங்க நாப்பது நாளு. அதுலயும் நாங்கதான் பாவத்துக்கு அழுவோம். இவருக்கு முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை மட்டும் அவர் மண்டைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. ஹவுஸ். சின்னப்பராஜ் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனால் ஹவுஸ் என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸில் வருசா வருசம் ஹவுஸ் டாக்ஸ் கட்டுகிறவர். மூத்த மகள் ஆக்சிலியா ஓசூரில் ஹவுஸ் ஓனரோடு மல்லுக்கட்டுகிறவள். ஒருத்தன் தன் ஹவுஸில் என்ன பேசினாலும் கோர்ட்டு கேட்காது. இவ்வளவு நல்ல சட்டத்தை இத்தனை நாளாக ஒருத்தனும் ஏழை சனத்துக்குச் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம் வந்தது.

"ராயம்மா" என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஞாயித்துக்கெழமை நம்ம ஹவுஸ் கூடுது."

ராயம்மாள் புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிச்சிருக்கிறீங்களா?"

விவரம் சொன்னதும் அவளுக்கும் பிடித்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரில் பாதிப்பேர் அவர்கள் வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கால்கூட வாசற்படிக்கு வெளியே இருக்கக் கூடாது என்று சின்னப்பராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே போனால் சட்டம் வேறு. ராயம்மாள் அம்மிக்கல்மேல் உட்கார்ந்து, களி கிண்டும் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டாள். சத்தம் வந்தால் துடுப்பால் பானையைத் தட்டினாள். "அமைதி! அமைதி! எழவெடுத்தவனுங்களா, ஒருத்தர் பேசி முடிக்கட்டும்!" டெல்லியிலும் இதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

சின்னப்பராஜ் எழுந்து நின்றார். "தலைவர் அவர்களே" என்று பெண்டாட்டியைக் கும்பிட்டார். "கால்வாயை மறிச்சது மாரப்பன். மச்சானைக் காப்பாத்த வெங்கடாசலம் பொய் சொன்னாரு. எங்க களியைத் தின்னுட்டுப் பொய் சொன்னாரு. இதை நான் ஹவுஸ்ல சொல்றேன். எவன் வேணா கேட்டுக்கட்டும்."

எல்லோரும் தரையைத் தட்டினார்கள். சென்றாயன் மட்டும் தட்டவில்லை. அவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ராத்திரிக்குள் அது மாவட்டம் முழுக்கப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். "எம்.பி. சபையில பேசுனதைப் பொய்னு சொன்னது நீதானா? எங்க வச்சுச் சொன்ன?"

"ஹவுஸ்லதானுங்க சொன்னேன்" என்று சின்னப்பராஜ் வீட்டு வரி ரசீதை எடுத்து நீட்டினார். "பாக்கியில்லாமக் கட்டியிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் ரசீதை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "யோவ், அந்த ஹவுஸ் வேறய்யா! அது சபை!"

"அந்த ஹவுஸுக்கு அவரு வரி கட்டுறாருங்களா?"

இன்ஸ்பெக்டர் ரசீதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எம்.பி.யின் உரிமையை மீறிவிட்டதாக டெல்லியிலிருந்து அழைப்பாணை வந்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏங்க, பயமா இருக்குதுங்களா?" என்றாள் ராயம்மாள்.

"எதுக்குப் புள்ள பயம்? நாலு படிச்சவங்க உக்காந்து விசாரிக்கறாங்க. உண்மையைச் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

டெல்லியில் ஒரு பெரிய அறை. வட்டமாக மேசை, ஆளுக்கொரு மைக், பிஸ்கட் தட்டு. உரிமைக் குழுவின் தலைவர் இந்தியில் பேசினார். ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைச் சுத்தத் தமிழில் திருப்பினார்.

"மாண்புமிகு உறுப்பினர் பொய் சொன்னார் என்று கூறினீர்களா?"

"கூறினேனுங்க. பொய்தான் சொன்னாரு."

மேசையைச் சுற்றி ஒரு சலசலப்பு. "பொய் என்ற சொல் அவை மரபுக்கு ஒவ்வாதது. அது அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. வேறு சொல்லில் கூறவும்."

"அவரு சொன்னது நெசம் இல்லீங்க."

"அதுவும் உறுப்பினரைப் புண்படுத்துகிறது."

"அப்ப எப்படித்தானுங்க சொல்றது?"

குழு கூடிக் கலந்து பேசியது. கடைசியில், "உறுப்பினரின் கூற்றும் கால்வாயும் வெவ்வேறு திசையில் உள்ளன என்று கூறலாம்" என்று அனுமதி கிடைத்தது.

"சரிங்க. ஒரு எட்டு வந்து கால்வாயைப் பாத்துருங்களேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பொறுமையாக விளக்கினார். "பெரியவரே, உறுப்பினர் சொன்னது உண்மையா இல்லையா என்பது இந்தக் குழுவின் முன் இல்லை. உண்மையைக் கண்டுபிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களுக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை. எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது எங்கள் வேலை இல்லை. இந்த ஏற்பாடு மிகவும் நுட்பமானது. உங்களைப் போன்ற மக்களைக் காப்பதற்காகவே மக்களிடமிருந்து எங்களைக் காத்து வைத்திருக்கிறார்கள்."

சின்னப்பராஜ் பிஸ்கட் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் கேட்டார். "ஐயா, இந்த ரூமு ஹவுஸ்ல சேந்ததுங்களா?"

"ஆம். அவையின் அங்கம்."

"இங்க நான் என்ன சொன்னாலும் கேஸு வராதுங்களா?"

"வராது. முழுப் பாதுகாப்பு உண்டு."

அவ்வளவுதான். சின்னப்பராஜ் அடிவயிற்றிலிருந்து கொட்டினார். கிரஷர், கல்தூள், மச்சான், களி, சத்தியம், "உங்க பேருதான் நெஞ்சில நின்னுச்சு" என்று வெங்கடாசலம் சொன்னது, ஒன்று விடவில்லை.  பேசி முடித்தபோது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்த மாதிரி நெஞ்சு லேசாக இருந்தது. பாவம் அவருடையது இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"நன்றி" என்றார் தலைவர். "இங்கே சொன்னது இங்கேயே இருக்கும். வெளியே சொன்னால் அது இன்னொரு உரிமை மீறல்."

அப்புறம் தீர்ப்பைப் படித்தார்கள். மன்னிப்புக்கூடக் கேட்கச் சொல்லவில்லை. 'இத்தகைய ஒரு நபரைப் பொருட்படுத்துவது அவையின் கண்ணியத்துக்குக் குறைவு. ஆகவே அவரும் அவர் கூறியவையும் கவனத்தில் கொள்ளப்படாமல் விடப்படுகின்றன.' எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பெருந்தன்மையாம்.

"அப்ப அவரு சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்களேன். என் காடு போயிரும்."

"நீங்கள் வந்ததையே நாங்கள் கவனத்தில் கொள்ளவில்லையே. யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது?"

திரும்பி வந்தபோது காட்டில் கல் நட்டிருந்தார்கள். மாரப்பன் மலை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கால்வாயை மட்டும் அதைச் சுற்றி வளைத்து, கடலைக்காட்டின் நடுவே, கிணற்றை மூடி, புதிதாகத் தோண்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தது.

சின்னப்பராஜ் வக்கீலுக்குப் போன் போட்டார். "விழாவுக்கு வரப்போறாருங்க. மேடைங்கறது வெளிதானுங்களே? அங்க என்னைத் திருடன்னு சொன்னா?"

"சொல்லட்டும். அன்னைக்கே அவரை முடிச்சுருவோம்" என்று சந்திரமோகன் வேலை மெனக்கெட்டுத் தர்மபுரியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சென்றாயன் செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றான். ஒரு மனுசன் தன்னைத் திருடன் என்று சொல்ல வேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பந்தலில் சின்னப்பராஜ் ஒருத்தர்தான்.

வெங்கடாசலம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! இந்த ஊரின் தாகம் தீர, தன் நிலத்தையும் கிணற்றையும் மனமுவந்து வாரிக் கொடுத்த வள்ளல் ஒருவர் இங்கே இருக்கிறார். என் உடன்பிறவா அண்ணன்! சின்னப்பராஜ் ஐயா, மேடைக்கு வாருங்கள்!"

ஊர் கை தட்டியது. அன்றைக்கு வீட்டுக்குள் தரையைத் தட்டிய அதே கைகள்தான். வக்கீல் பேனாவை மூடிப் பையில் செருகினார். "புகழ்ந்ததுக்கு மானநஷ்டம் போட முடியாதுங்க" என்றார் மெதுவாக.

யாரோ இரண்டு பேர் சின்னப்பராஜைத் தூக்காத குறையாக மேடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சால்வையைப் போர்த்தியபடி வெங்கடாசலம் காதோடு சொன்னார்: "பேரை மட்டும்தான் டெல்லிக்குக் கொண்டு போறேன்னு சொன்னேன். ஆளையே கொண்டு போயிட்டு வந்துட்டேன் பாத்தீங்களா?"

சின்னப்பராஜ் மைக்குக்குக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் கலைவாணன் விரலைச் சொடுக்க, நாட்டுப்பண் ஒலித்தது. மூன்றாம் வகுப்பில் படித்தது எல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்று மறக்கவில்லை அவருக்கு. சால்வையோடு அசையாமல் நின்றார். பாட்டு முடிந்தபோது மைக்கை அவிழ்த்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தார். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது.  ராயம்மாள் சால்வையைப் பார்த்தாள், போதும். அதை வாங்கி பிடிதுணியாகச் சுருட்டி அடுப்பிலிருந்து பானையை இறக்கினாள்.

"கதவைச் சாத்து" என்றார் சின்னப்பராஜ். "ஹவுஸ்ல ஒன்னு சொல்லணும்."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். துடுப்பை எடுத்துக்கொண்டு அம்மிக்கல்மேல் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"பொய்" என்றார் அவர்.

ராயம்மாள் துடுப்பால் பானையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"குறிப்புல ஏறிருச்சு" என்றாள். "உக்காருங்க, களி ஆறுது."